மணலில் நின்ற அணை சொல்லிக்கொடுத்த பாடம்

விவசாயப் பெருமக்களே, ஜூன் மாதம் பிறந்ததும் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடிப் பக்கம் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான். மேட்டூர் திறந்தாச்சா, கல்லணைக்குத் தண்ணி வந்தாச்சா? கல்லணைக் கால்வாயின் கடைமடை நம் மாவட்டம். 1934-இல் பாசனத்துக்கு வந்த அந்தக் கால்வாய் தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாக இறங்கி, நம் பக்கத்து மும்பாலை ஏரியில்தான் முடிகிறது. வழியெல்லாம் வயல்கள் குடித்தது போக மிஞ்சும் தண்ணீரை வைத்து நாற்று விடுகிறவர்கள் நீங்கள். ஒரு ஆற்றின் தண்ணீர் எந்தக் கிளையில் போகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தத் தண்ணீருக்காக ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன் மண்டையைப் பிய்த்துக்கொண்ட ஒருவரின் வாழ்க்கையை இந்த வாரம் சொல்கிறேன். ஆர்தர் காட்டன் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவரைப் பெரிய பொறியாளர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் அவருடைய மிகச் சிறந்த யோசனை எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. தினமும் ஆயிரம் பேர் கடந்துபோன ஒரு பழைய அணையை நின்று பார்த்ததில் வந்தது. அதனால்தான் அவர் கதை நமக்கு வேண்டும்.

பதினெட்டு வயதில் வந்தவர்

காட்டன் 1803-ஆம் ஆண்டு மே 15-ஆம் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். பெரிய குடும்பம், அவர் பத்தாவது மகன். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவப் பள்ளியில் படித்து, சென்னை மாகாணத்துப் பொறியாளர் படையில் சேர்ந்து, 1821-இல் சென்னையில் வந்து இறங்கினார். அப்போது வயது 18. ஆரம்பத்தில் ஊர் ஊராகச் சுற்றும் வேலை. பாம்பன் கால்வாயை அளக்கும் பணியில் இருந்தார். பர்மாப் போருக்கும் போய்வந்தார். 1820-களின் கடைசியில் அவரைக் காவிரிப் பாசன வேலைகளுக்கு அனுப்பினார்கள். வயது இருபத்தைந்து வாக்கில் இருக்கும்.

அன்றைக்குக் காவிரி இருந்த நிலை என்ன? முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. கொள்ளிடம் கடலுக்குக் குறுக்கு வழியில் இறங்குவது, சரிவு அதிகம். காவிரியோ வளைந்து நெளிந்து பாசனத்துக்குப் போவது, சரிவு குறைவு. சரிவு குறைந்த கிளையில் தண்ணீர் மெதுவாக ஓடும். மெதுவாக ஓடும் தண்ணீர் மணலைக் கீழே போட்டுவிடும். இப்படி வருஷத்துக்கு வருஷம் காவிரியின் வாய் மேடாகி, வெள்ளமெல்லாம் கொள்ளிடத்தில் போய் வீணாகக் கடலில் விழுந்தது. தஞ்சை வயல்கள் காய ஆரம்பித்தன. உங்கள் வாய்க்கால் தலைப்பில் மண் மேடிட்டு, பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் திரும்பிக்கொண்டால் என்ன ஆகும்? அதுவே பெரிய அளவில்.

கம்பெனிக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் இரக்கம் மட்டுமல்ல. வயல் காய்ந்தால் நிலவரி வராது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

யாரும் கேட்காத கேள்வி

தீர்வு என்னவென்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொள்ளிடத்தின் தலைப்பில் குறுக்கே ஓர் அணை கட்டினால் தண்ணீர் காவிரிப் பக்கம் ஏறும். நாம் வாய்க்கால் தலைப்பில் கொரம்பு போடுகிறோமே, அதேதான். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கொள்ளிடத்தின் படுகை முழுக்க மணல். அணைக்கு அஸ்திவாரம் என்றால் பாறை வேண்டும் என்பதுதான் ஐரோப்பியப் பொறியாளர்கள் படித்த பாடம். மணலில் கட்டினால் அடியில் தண்ணீர் புகுந்து மணலை அரித்துக்கொண்டு போகும்; கட்டடம் உட்கார்ந்துவிடும்.

ஆனால் முக்கொம்பிலிருந்து ஒரு நாள் நடைத் தொலைவில் கல்லணை இருந்தது. கரிகாலன் கட்டியது என்று நம் மரபு சொல்லும் அணை. நீளம் சுமார் 329 மீட்டர், அகலம் 20 மீட்டர், உயரம் 5.4 மீட்டர். அதுவும் மணலில்தான் நிற்கிறது. பாறையைத் தொடவில்லை. எத்தனையோ நூற்றாண்டு வெள்ளத்தை அது பார்த்துவிட்டது.

பல அதிகாரிகள் அந்த அணையைக் கடந்து போயிருக்கிறார்கள். பழங்காலத்துக் கற்குவியல் என்று பார்த்தவர்கள்தான் அதிகம். காட்டன் அங்கே நின்று, இது ஏன் இன்னும் விழவில்லை என்று யோசித்தார்.

1830 வாக்கில் கல்லணையில் மணல்போக்கி மதகுகள் அமைக்கும் வேலை நடந்தது. அணையின் உடம்பு கரடுமுரடான கற்களும் களிமண்ணும் சேர்ந்தது. அவர் புரிந்துகொண்டது இதுதான்: பழைய ஆட்கள் மணலோடு மல்லுக்கு நிற்கவில்லை. பெரிய பெரிய கற்களை ஆற்றில் போட்டார்கள். தண்ணீர் அடியில் மணலை அரிக்க, கல் கீழே இறங்கும். இறங்கிய இடத்தில் மேலே இன்னொரு கல். அதுவும் இறங்கும். இப்படியே போட்டுக்கொண்டு வந்தால் ஒரு ஆழத்தில் மணலும் கல்லும் சமாதானம் ஆகிவிடும். அதற்குக் கீழே அரிப்பு போகாது. அந்தக் கல் படுக்கையின் மேல், களிமண்ணைப் பிணைப்பாக வைத்து அணையை எழுப்பினார்கள். எந்த அரிப்பைக் கண்டு மற்றவர்கள் பயந்தார்களோ, அந்த அரிப்பையே கூலியில்லாத ஆளாக வைத்து அஸ்திவாரம் இறக்கியிருக்கிறார்கள்.

தளர்ந்த மணலில் அணை கட்டும் வித்தையை இந்த மண்ணின் பழைய கட்டுநர்களிடம்தான் கற்றேன் என்று காட்டன் பிற்காலத்தில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஆளும் இனத்தைச் சேர்ந்த அதிகாரி, ஆளப்படுகிறவர்களிடம் படித்தேன் என்று சொல்வது அன்றைக்குச் சாதாரணமல்ல. நாம் அணைக்கட்டு என்று சொல்வதுதான் ஆங்கிலப் பொறியியல் நூல்களில் அனிகட் என்று ஏறிவிட்டது. அந்தச் சொல்லே யார் யாரிடம் படித்தார்கள் என்பதற்குச் சாட்சி.

உறைகிணறு அணையானது

முக்கொம்பில் இன்னொரு சாதாரணப் பொருளும் கை கொடுத்தது. நம் ஊர் உறைகிணறு. மணற்பாங்கான இடத்தில் கிணறு எப்படி இறக்குவார்கள்? உறையைத் தரையில் வைத்து, உள்ளே இருக்கும் மணலைத் தோண்டி வெளியே எடுப்பார்கள். தன் பாரத்தாலேயே உறை கீழே இறங்கும். அதன்மேல் அடுத்த உறை. குழி வெட்டினால் சரிந்துவிடும் மணலில், சரியாமல் ஆழம் போக இதைவிட எளிய வழி கிடையாது.

இந்த நாட்டு வழக்கத்தையே அணைக்கு அஸ்திவாரமாக்கினார்கள். கொள்ளிடத்தின் குறுக்கே, மணலில், வரிசை வரிசையாகக் கிணறுகளை இறக்கி, உள்ளே நிரப்பி, அவற்றின் தலைகளை இணைத்து, மேலே அணைச் சுவரைக் கட்டினார்கள். சுவரைத் தாண்டி விழும் தண்ணீர் அடிவாரத்தைத் தோண்டாமல் இருக்க, கீழ்ப்புறம் கல் தளம் போட்டார்கள். 1836-இல் முக்கொம்பு மேலணை முடிந்தது. அதே காலத்தில் கீழே அணைக்கரையில் கீழணையும் எழுந்தது. இன்றும் கீழணைத் தண்ணீர்தான் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது.

கிணற்று உறையைப் பார்க்காத விவசாயி உண்டா? கொரம்பு போடாத கிராமம் உண்டா? இரண்டும் எல்லோர் கண் முன்னாலும் இருந்தவை. ஒரு வேலைக்கு இருந்ததை இன்னொரு வேலைக்கு மாற்றிப் பார்த்ததுதான் புதுமை.

திட்டம் பலித்தபின் வந்த தலைவலி

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருக்கும். ஆனால் ஆறு மனிதன் போட்ட கணக்கோடு நிற்பதில்லை. மேலணை வந்தபின் காவிரிக்குத் தண்ணீர் கூடியது. கூடியது மட்டுமல்ல, அளவுக்கு மீறியது. வேகமான தண்ணீர் காவிரியின் படுகையை அரித்து ஆழமாக்கியது. கொள்ளிடத்தில் அணைக்கு மேலே மணல் மேடிட்டது. முன்பு காவிரி மேடாகிக் கொள்ளிடம் தின்றது. இப்போது எதிர்ப்பக்கம் சாய ஆரம்பித்தது.

1840-களில் மேலணையின் ஒரு பகுதியை உயரம் குறைத்தார்கள்; காவிரியின் தலைப்பிலும் படுகை அரிக்காமல் இருக்கக் குறுக்கே தடுப்பு கட்டினார்கள். அதன் பிறகுதான் இரண்டு கிளைகளும் சமநிலைக்கு வந்தன.

ஒரு நல்ல யோசனை முதல் வருஷம் பலித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். உங்கள் வயலில் புதிதாக ஒன்றைச் செய்து விளைச்சல் கூடினாலும், அடுத்த இரண்டு மூன்று பட்டத்துக்குக் கவனித்துக்கொண்டே இருங்கள். வேறு எங்கோ ஒன்று மேடாகிக்கொண்டோ பள்ளமாகிக்கொண்டோ இருக்கலாம்.

கோதாவரிக்குப் போன கல்லணை

அடுத்து காட்டன் போன இடம் கோதாவரிக் கழிமுகம். 1833 வாக்கில் வந்த பஞ்சம் அந்தப் பக்கத்தைக் காலி செய்திருந்தது. 1839-இல் புயலும் கடலும் சேர்ந்து அடித்தன. பெரிய ஆறு வாசலில் ஓட, மக்கள் பட்டினி கிடந்தார்கள்.

ராஜமுந்திரிக்குக் கீழே தவளேஸ்வரத்தில் ஆறு தீவுகளோடு சேர்த்துப் பல கிலோமீட்டர் அகலம். இங்கேயும் படுகை மணல். 1847-இல் வேலை தொடங்கி 1852-இல் முடிந்தது. தீவுகளுக்கு இடையே நான்கு துண்டுகளாகக் கட்டப்பட்ட அணையின் மொத்த நீளம் சுமார் 3.6 கிலோமீட்டர். பக்கத்துக் குன்றிலிருந்தே கல் வெட்டி, ஆற்றில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கல்லணையில் பார்த்த அதே பாடம், பல மடங்கு அளவில். உடன் நின்று வேலையை நடத்தியவர்களில் வீணம் வீரண்ணா என்ற உள்ளூர்ப் பொறியாளரின் பெயரை அந்தப் பகுதி மக்கள் இன்றும் காட்டனோடு சேர்த்தே சொல்கிறார்கள். கல் சுமந்த ஆயிரக்கணக்கானோரின் பெயர்கள் எங்கும் இல்லை.

பஞ்சத்துக்குப் பெயர்போன அந்த நிலம் நெற்களஞ்சியமாக மாறியது. பழைய அணைக்குப் பதிலாகப் பின்னாளில் கட்டிய தடுப்பணைக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். அவர் பிறந்த நாளில் மாலை போடும் விவசாயிகளைக் கோதாவரிக் கரையில் இன்றும் பார்க்கலாம்.

தோற்ற இடமும் உண்டு

1860-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய காட்டன், அங்கே சும்மா இருக்கவில்லை. இந்தியா முழுக்கப் பாசனத்துக்கும் படகுப் போக்குவரத்துக்கும் உதவும் கால்வாய்கள் வேண்டும், ரயில் பாதைக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கையாவது தண்ணீருக்குக் கொடுங்கள் என்று வாதாடினார். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொன்ன 1876-78 பஞ்சத்தில் தென்னாடு செத்து மடிந்தபோது அவர் குரல் இன்னும் உயர்ந்தது. 1878-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் போய்ச் சாட்சி சொன்னார். குழு அவர் பக்கம் சாயவில்லை.

அவர் சொன்ன எல்லாமே சரி என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய நாடு முழுவதையும் ஒரே வாய்ப்பாட்டில் அடக்கப் பார்த்தது அவருடைய பலவீனம். தஞ்சைக்கும் கோதாவரிக்கும் பொருந்தியது எல்லா ஊருக்கும் பொருந்தாது. கல்லணை முன்னால் நின்று பார்த்த அதே மனிதர், பார்க்காத இடங்களுக்கும் திட்டம் போட்டபோது சறுக்கினார். விரிவாக்கப் பணியில் இருக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மண்வெட்டியோடு ஒரு முதியவர்

கடைசிக் காலத்தில் டார்க்கிங் என்ற ஊரில் இருந்தார். எண்பது வயதுக்கு மேல் ஒரு புது ஆராய்ச்சி. தோட்டத்தில் சிறு சிறு பாத்திகளில் மண்ணை வழக்கத்தைவிட ஆழமாகக் கொத்திவிட்டு, கோதுமை போட்டுப் பார்த்தார். மண் இளகினால் காற்று போகும், வேர் இறங்கும், விளைச்சல் கூடும் என்பது அவர் எண்ணம். வாழ்நாளெல்லாம் பெரிய ஆறுகளைத் திருப்பியவர், கடைசியில் ஒரு பாத்தி மண்ணைக் குனிந்து பார்த்தார். 1899 ஜூலையில், 96 வயதில் காலமானார்.

இந்தக் கடைசி ஆராய்ச்சி நம் மாவட்டத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. புதுக்கோட்டைச் செம்மண், சரளை நிலங்களில் மேல்மண்ணுக்குக் கீழே இறுகிய தட்டு இருப்பது உண்டு. ஒரே ஆழத்தில் வருஷக்கணக்கில் உழுவதாலும் அடிமண் இறுகும். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே போகாமல் மேலோடு ஓடிவிடும். வேரும் அதற்குக் கீழே இறங்காது. ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். மழை பெய்த மறுநாள் ஒரு கம்பியை மண்ணில் அழுத்துங்கள். ஒரு சாணுக்குள்ளேயே தட்டி நின்றால், தட்டு இருக்கிறது என்று பொருள். அப்படி இருந்தால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, கோடையில், உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் நெடுக்கும் குறுக்கும் கீறிவிடலாம். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் போடுவது நல்லது. உளிக்கலப்பை அடிமண்ணைப் புரட்டி மேலே கொண்டுவராது; கீறி மட்டும் விடும். வளமில்லாத அடிமண் மேலே வராமல் இருக்க அதுவே சரி.

நம் கண் முன்னால் என்ன இருக்கிறது?

புதுக்கோட்டையில் எனக்குக் கிடைத்த ஒரு பாடத்தையும் சொல்லிவிடுகிறேன். நிலக்கடலையில் புழுத் தாக்குதலுக்கு மருந்துப் பட்டியலோடு ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஒரு பெரியவரின் வயலில் வரப்போரம் ஆமணக்கு நின்றது. விளக்கெண்ணெய்க்கு என்று வைத்ததாகச் சொன்னார். அதோடு, தாய் அந்துப்பூச்சி முதலில் முட்டையிடுவது அந்த ஆமணக்கு இலையில்தான் என்றும், முட்டைக் குவியலோடு இலையைக் கிள்ளி மண்ணில் புதைத்துவிடுவதாகவும் சொன்னார். ஆமணக்கைப் பொறிப்பயிராக வைப்பது எங்கள் பரிந்துரையிலேயே உண்டு. நான் அதைச் சொல்ல வாய் திறப்பதற்கு முன்னால் மருந்துப் பட்டியலை நீட்டிவிட்டேன். முதலில் வரப்பைச் சுற்றி வந்திருக்க வேண்டும்.

நம் மாவட்டத்துப் பழைய கண்மாய்களில் குமிழித் தூம்பு பார்த்திருப்பீர்கள். கண்மாய்க்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். பலருக்கு அது வெறும் கல். கீழே தொட்டியில் நீரோடித் துளை, சேறோடித் துளை என்று தனித்தனி வழிகள். துளைக் கல்லைத் தூக்கினால், தண்ணீர் வயலுக்குப் போகும்போதே அடியில் தங்கும் வண்டலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். காவிரியின் வாயை அடைத்ததும் கல்லணையில் மணல்போக்கி வைக்கக் காரணமானதும் இந்த மண்டியும் மணலும்தானே? அதற்கு நம் ஊர்க் கல்தச்சர்கள் பல நூற்றாண்டுக்கு முன்பே வழி வைத்திருந்தார்கள். கண்மாய் வேலை நடக்கும்போது பயனற்ற கல் என்று அவற்றைப் பெயர்த்துப் போடுவதும் நடக்கிறது.

மணலில் நிற்கும் அணைக்கு மணல்தான் உயிர் என்பதையும் மறக்க வேண்டாம். ஆற்று மணலை அள்ளிப் படுகையைத் தாழ்த்தினால் அணையின் கால் வெறுமையாகும். 2018 ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவு வெள்ளத்தில் முக்கொம்பு கொள்ளிடம் அணையின் 45 மதகுகளில் 9 இடிந்து விழுந்ததை நாம் பார்த்தோம். பழைய அணையை ரசித்தால் போதாது, பராமரிக்கவும் வேண்டும்.

எனவே, நண்பர்களே, மூன்று வேலைகள். ஒன்று, உங்கள் வயலிலோ கண்மாயிலோ பல காலமாகக் கெடாமல் நிற்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது ஏன் இன்னும் நிற்கிறது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். இரண்டு, மனதில் தோன்றும் மாற்றத்தை முழு நிலத்திலும் செய்யாமல் ஐந்து சென்ட்டில் செய்து, பக்கத்தில் வழக்கம்போல் ஐந்து சென்ட் விட்டு, இரண்டையும் எழுதி வையுங்கள். மூன்று, பலித்ததையும் பலிக்காததையும் உங்கள் பகுதி வேளாண் உதவி அலுவலரிடமோ வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்திலோ சொல்லுங்கள். விரிவாக்கப் பணியாளர்கள் சொல்வதற்கு முன் கேட்கட்டும்.

வருகிற கோடையில் உங்கள் ஊர்க் கண்மாய் வற்றும்போது குமிழித் தூம்பு வரை ஒருமுறை நடந்துபோய், பிள்ளைகளையும் அழைத்துப்போய்க் காட்டுங்கள். மேலே மூடிய மண்ணைக் கொஞ்சம் விலக்கி, துளைகள் எந்தப் பக்கம் போகின்றன என்று பாருங்கள். இயந்திரம் வந்து அதைப் பெயர்ப்பதற்கு முன்னால் அந்த வேலையைச் செய்துவிடுங்கள்.